தண்ணீரா மருந்தா தெரியாத ஊசியுடன் நாமக்கல்

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் என் ஐஸ் பெட்டியை வாங்கி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடி மேல் வைத்த நடத்துநர் எனக்கு உதவிதான் செய்தார். மடியில் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறேனே என்ற இரக்கம். மல்லூர் தாண்டும்போது எதற்கும் பார்ப்போம் என்று முன்னால் போய் அந்த மூடியைத் தொட்டேன். தோசை ஊற்றலாம். பெட்டியை வாரி எடுத்த வேகத்தில் என் தலை மேல்கம்பியில் இடித்தது. நான் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"உள்ள என்னங்க, மீனுங்களா?" என்றார் நடத்துநர்.

"மருந்து. சூடு பட்டா வீணாப்போயிடும்."

"மொதல்லயே சொல்றதில்லீங்களா" என்று குறைபட்டுக்கொண்டவர், ஒரு கல்லூரிப் பெண்ணை நகரச் சொல்லி எனக்குச் சன்னலோரம் இடம் வாங்கித் தந்தார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாலிபால் ஆடுவீங்களா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். பந்து என் பக்கம் வந்தால் ஒதுங்கிக்கொள்வேன் என்று சொன்னதும் அவளுக்கு ஏமாற்றம்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இரண்டு கையையும் விரித்தால் அதைவிட நீளம். கடையில் வாங்கிய எந்தச் சட்டையும் எனக்கு மணிக்கட்டு வரை வந்ததில்லை. இந்த உயரம் எங்கள் அப்பா வழி. அதை அழகு என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம், என் தம்பி பேட்மிண்டன் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்வரை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் கிழிந்துவிட்டது என்றார்கள். அதன் பிறகு என்னைப் பரிசோதித்து, அதே குறை எனக்கும் இருக்கிறது, பரம்பரையாக வருவது, மார்ஃபான் என்று பெயர் என்றார்கள். உடம்பின் சதையையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கிற நார் பிறவியிலேயே வலுவில்லாமல் இருக்கிறதாம். பழைய பாவாடை எலாஸ்டிக் எப்படித் தளர்ந்து போகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பெறுவது ஆபத்து என்றும் அன்றே சொன்னார்கள். அதோடு கல்யாணப் பேச்சும் நின்றுபோயிற்று.

இப்போது ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் நானும் ஓர் ஆள். அந்தப் பெருங்குழாயின் சுவர் தளரும்போது, நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை அங்கே திரண்டு வந்து சுவரையே அரிக்கிறது என்று டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தப் படையைக் கூப்பிடும் தகவலை வழியிலேயே மடக்குவதுதான் இந்த ஊசியின் வேலை. வேலை செய்கிறதா என்பதுதான் தெரியாது. அதற்காகப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. பயணத்தின் நடுவில் ஒரு ஊசி போட வேண்டியிருந்ததால் அதைத்தான் ஐஸ் பெட்டியில் சுமந்துகொண்டு போனேன்.

போன காரியம் வேறு. "உங்கள் ரத்த சொந்தம் இந்தியாவில் இருந்தால் எல்லாரையும் இதயத்தை ஒரு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். புது மருந்து வரும்போது வரட்டும், முதலில் யாருக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும்" என்றார் எங்கள் டாக்டர். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கந்தசாமி அண்ணனுக்குப் போன் செய்தேன். எங்கள் தாத்தாவும் அவர் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் சிரித்தார். "ஒசரமெல்லாம் ஒரு நோவுங்களா அம்மிணி?" என்றார். போனில் வேலைக்கு ஆகாது என்று நேரில் கிளம்பிவிட்டேன்.

நாமக்கல்லுக்குள் பஸ் நுழையும்போது வழியெல்லாம் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள். பாதி கட்டிய லாரிகள் விலா எலும்பு தெரிய நின்றன. அண்ணன் வந்து என்னைப் பார்த்ததும், நான் யாரென்று கேட்கவே இல்லை. "நம்ம ஊட்டு ஒசரம் காட்டிக் குடுத்துருச்சுங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், ஒட்டடைக் கம்பு உடம்பு, தோள் கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. கண்ணாலேயே அளந்துவிட்டேன். அவர் சட்டைக் கையும் மணிக்கட்டு வரை வரவில்லை.

வீட்டில் யார் யார் என்று கேட்டேன். "நானு, சரசு, பையன் தினேசு, மருமக. அவ்வளவுதானுங்க" என்றார். சரசு அண்ணி குட்டையாக, கெட்டியாக, ஓயாமல் எதையாவது பரிமாறிக்கொண்டே இருக்கும் ஆள். அண்ணன் மனைவியை இங்கே நங்கை என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். முதல் வேளையே அரிசிம்பருப்புச் சோறு, மேலே ராசிபுரம் நெய், தொட்டுக்கொள்ள முட்டை. அடுத்த வேளையும் முட்டை. ஈப்போவில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றின் மேல் அரை முட்டை வைத்தால் தாராளம் என்போம். இங்கே தட்டில் மூன்றை வைத்துவிட்டு, "சாப்பிடவே இல்லீங்களே" என்கிறார்கள்.

மறுநாள் காலையில் தினேஷ் பண்ணையைச் சுற்றிக் காட்டினான். முப்பதை நெருங்கும் அவன் அம்மாவைப் போலக் கட்டை குட்டை. கூண்டு வரிசைகளைப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்தது. இத்தனை கோழிகளை ஒரே கூரைக்கு அடியில் நான் பார்த்ததில்லை. எல்லாம் ஒன்றாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன. தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டியில்தான் என் ஊசியும் இருந்தது, வெள்ளைக்கழிச்சல் மருந்துக்குப் பக்கத்தில்.

"உங்க ஊசியும் இதே மாதிரிதானுங்களா அத்தை?" என்றான்.

"உல்டா. உன் மருந்து கோழி உடம்புல இருக்கற காவல்காரனை எழுப்பி விடுது. என்னோடது, சொந்த வீட்டையே இடிக்கற காவல்காரனை உட்காரச் சொல்லுது."

"அப்ப சளி புடிச்சா என்னங்க பண்ணுவீங்க?" என்றான். நல்ல கேள்வி. எங்கள் டாக்டரும் அதற்குத்தான் பயப்படுகிறார். காய்ச்சல் கண்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று முன்மாலையில் அண்ணனை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். "நம்ம வீட்டுல திடீர்னு நெஞ்சு வலி, முதுகு வலின்னு சின்ன வயசுல செத்தவங்க யாராவது உண்டா?"

நிதானமாக யோசித்தார். "எங்க சித்தப்பா ஒருத்தர், ஏர் ஓட்டறப்ப போனாருங்க. அப்பறம் உங்க தம்பி. நம்ம ஊட்டுல ரெண்டே பேருதானுங்க."

எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ரெண்டு பேர் என்றால் இங்கே இந்த வித்து அவ்வளவாகப் பரவவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் எல்லாரும் எக்கோ எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அண்ணன் போனை எடுத்தவர்தான். குலதெய்வக் கோயிலுக்கு ஆள் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். மோகனூரிலிருந்து வந்தார்கள், நாமக்கல்லிலிருந்து வந்தார்கள். மறுநாள் காலையில் வாசலில் ஒரு வேன் பங்காளிகள் நின்றார்கள். பெண்கள் புதுச்சேலை. ஒரு தூக்கில் புளிச்சோறு, ஒரு கூடை வேகவைத்த முட்டை. மருத்துவமனைக்குப் போகிற கூட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

வழியில் டயர் பஞ்சர். லாரி ஊர் என்பதால் வேனிலிருந்த அத்தனை ஆண்களும் இறங்கி ஜாக்கியை எங்கே கொடுப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு சக்கரம் கழற்றிப் பழக்கம், ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். டிரைவர் பேசாமல் டயரை மாற்றி முடித்துவிட்டு, "ஏறுங்க" என்றார். அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

எக்கோ எடுக்கும் இடம் சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற சாலைப் பக்கம். சின்ன கிளினிக். இருந்த ஒரு பெண் டாக்டர் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் தன் உதவியாளரிடம், "யாராவது அரசியல்வாதி படுத்திருக்கிறாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சரசு அண்ணியும் போய்ப் படுத்தாள். மருமகளும் போனாள். வேறு ஊரிலிருந்து வாழ வந்தவர்களுக்கு இந்த நோய் எப்படி வரும், எதற்குச் செலவு என்று கேட்டேன். "அவங்களும் நம்ம ஊடுதானுங்களே" என்றார் அண்ணன். சரி, பாசக்காரர்கள் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனுக்குக் குழாய் கொஞ்சம் விரிந்திருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, ரத்தக் கொதிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு மாத்திரை எழுதினார் டாக்டர். "பிள்ளைகளையும் பார்க்கணும்" என்றார். அண்ணன் தினேஷைக் காட்டினார்; அவனுக்குச் சுத்தமாக ஒன்றும் இல்லை. இன்னொரு பங்காளிப் பெரியவருக்கும் லேசாக இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் நலம். "எல்லாரும் வந்தாச்சா?" என்று நான் கடைசியாக ஒரு தரம் கேட்டேன். "நம்ம ஊடு மொத்தமும் வந்தாச்சுங்க" என்றார்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி எல்லாரும் தட்டுவடை செட் தின்றோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் காரட்டும் சட்னியும் வைத்து, வாயைப் பெரிதாகத் திறந்து ஒரே வாயில் போட வேண்டும். எனக்கு வாய் சின்னது, சேலையெல்லாம் சிவப்பு. வந்த காரியம் முடிந்தது, தப்பித்தோம் என்று அன்று மனசார நினைத்தேன்.

அடுத்த நாள் ராசிபுரத்தில் ஒரு விருந்து, கட்டாயம் வர வேண்டும் என்றாள் சரசு அண்ணி. கட்டுச்சோறு என்று பெயர். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து விதவிதமான சோறு ஆக்கிக்கொண்டு போய், புகுந்த வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டி வருவார்கள். யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் போலிருக்கிறது என்று நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். காருக்குள் பாத்திரங்களுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்தேன். தேங்காய்ச் சோறு, எலுமிச்சை, தக்காளி, தயிர்ச் சோறு எல்லாம் என் முழங்காலைச் சுட்டன.

மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள். ஜாக்கெட் கையில், பார்டருக்கு மேலே ஒரு பட்டை ஒட்டுப் போட்டு நீட்டியிருந்தார்கள். அந்த ஒட்டை நான் என் சட்டைகளுக்கே போட்டிருக்கிறேன். முகம் ஒடுக்கம். மூக்குக் கண்ணாடி சோடாபுட்டி. எல்லாரும் வரிசையாக வளையல் போட்டார்கள். விரல்கள் அவ்வளவு நீளம், வளையல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"யாரு இது?" என்றேன்.

சரசு அண்ணி ஆச்சரியமாகப் பார்த்தாள். "நம்ம கோகிலாங்க. எம் மவ."

என் முறை வந்தது. சந்தனம் பூசினேன். வளையலைப் போடுகிற சாக்கில் அவள் கையைப் பிடித்து, "கட்டை விரலை உள்ள வெச்சு மூடு சாமி" என்றேன். விளையாட்டென்று நினைத்து மூடினாள். மறுபக்கத்தில், சுண்டு விரலுக்கு வெளியே, கட்டை விரலின் நகம் முழுசாக நீட்டிக்கொண்டிருந்தது. என்னைச் சோதித்த டாக்டர் முதலில் பார்த்தது இதைத்தான். பெண்கள் சிரித்தார்கள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முதுகு வலிக்குதா?"

"ஆமாங்க அத்தை. ரெண்டு நாளா நடு முதுகுல புடிப்பு. எச்சா நேரம் நின்னா வருது. வாய்வுன்னு பூண்டு குடுத்தாங்க."

அவள் மாமியார் பெருமையோடு சொன்னார்: "இந்த ஒசரத்துக்காவத்தானுங்க கட்டுனோம். பேரன் நல்லா நெடுநெடுன்னு பொறப்பான்."

எழுந்து போய் அண்ணனை மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். பெற்ற மகளை ஏன் எக்கோவுக்குக் கூட்டி வரவில்லை என்று கேட்டேன். அவர் உண்மையாகவே புரியாமல் நின்றார்.

"அவளைக் கட்டிக் குடுத்தாச்சுங்களே அம்மிணி. அவ இந்த ஊட்டு ஆளு. நம்ம கோயிலுக்கே அவ வரமாட்டா."

பின்னாலேயே வந்த சரசு அண்ணி என் முகத்தைப் பார்த்து மிரண்டுபோய், மெல்ல ஒன்றைச் சொன்னாள். "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தானுங்க. இவரோட அக்கா. மூணாவது பிரசவத்துல முதுகைப் புடிச்சிக்கிட்டு, ஒரே புடியா போயிட்டாங்க."

"அக்காவா? எப்போ?"

"அது ஆச்சுங்க ரொம்ப வருசம்" என்றார் அண்ணன். "அவ பையன்கூட லாரிக்கு டயர் மாட்டறப்ப ரோட்டோரமா விழுந்து செத்தான். நல்ல ஒசரம். மாரடைப்புன்னாங்க."

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஏண்ணே சொல்லல?"

"நம்ம ஊட்டுலதானுங்களே கேட்டீங்க? அதெல்லாம் அவங்கூட்டுச் சாவுங்க. எங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கறதோட சரி."

இதை அவர் மறைக்கவில்லை, கூச்சப்படவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். குலதெய்வக் கோயிலுக்கு வரி கட்டுகிற குடும்பம் எதுவோ அதுதான் குடும்பம். மருமகளை எண்ணுவார்கள், மகளை எண்ண மாட்டார்கள். என்னை ஏன் எண்ணினார்கள் என்றும் அப்போதுதான் உறைத்தது. நான் யாருக்கும் கட்டிக் கொடுக்கப்படாதவள். ரத்தத்துக்கு இந்தக் கணக்கு தெரியாதே என்று அந்தக் கொட்டகையில் நின்று கத்தினேன். மாடுகள் திரும்பிப் பார்த்தன. அண்ணனுக்கு மெல்ல மெல்ல முகம் வெளுத்தது.

இப்போதே கோகிலாவைச் சேலம் கூட்டிப் போக வேண்டும் என்றேன். மாமியார் ஒப்பவில்லை. கட்டுச்சோறு ஆனதும் பெண் நேராகப் பிறந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும், வழியில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் ஆகாது, நல்ல நேரம் முடிவதற்குள் வீடு சேருங்கள் என்றார். கோகிலாவின் கணவன் போர்வெல் வண்டியோடு வடநாட்டில் இருந்தான்; போன் எடுக்கவில்லை. அண்ணன் மகளைக் காரில் ஏற்றினார்.

ஆண்டகளூர் கேட்டில் இடப்பக்கம் திரும்பினால் நாமக்கல், வலப்பக்கம் சேலம். டிரைவர் வழக்கம்போல இடப்பக்கம் ஒடித்தார்.

"சேலத்துக்கு உடு" என்றார் அண்ணன். கோகிலாவின் கை நிறைய வளையல்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் சலசலத்தன. அவள் என்னிடம் மலேசியாவில் துரியன் பழம் உண்மையிலேயே நாறுமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நாறும் என்றேன்.

அதே டாக்டர். அன்று வேனைப் பார்த்துச் சிரித்தவர், கருவியை இவள் நெஞ்சில் வைத்ததும் திரைப் பக்கம் குனிந்துகொண்டார். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அழுத்திப் பார்த்தார். பிறகு உதவியாளரிடம் இங்கிலீஷில், "இவரை நடக்க விடாதே, சக்கர நாற்காலிகூட வேண்டாம், படுக்க வைத்தே கொண்டு போக வேண்டும்" என்றார். குழாயின் அடிப்பகுதி பலூன்போலப் புடைத்திருந்தது. இன்னும் கிழியவில்லை. எந்த நேரத்திலும் கிழியலாம். கோயம்புத்தூரில் இதயமும் பிரசவமும் ஒரே கூரைக்குக் கீழே பார்க்கிற பெரிய மருத்துவமனைக்கு அவரே போன் செய்தார். "நேத்து ஏன் இவங்களைக் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார்.

ஆம்புலன்ஸில் நான் போனேன். சங்ககிரி, பவானி, பெருந்துறை என்று ஊர்கள் பின்னால் ஓடின; ஒன்றையும் நான் பார்க்கவில்லை, ரத்தக் கொதிப்புக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, மூன்று நாள் முட்டை தின்று, குட்டையான மருமகளுக்கு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, காரியம் முடிந்தது என்று சிரித்தேனே என்பது நெஞ்சை அறுத்தது.

மறுநாள் காலை கோவை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையை முன்னதாகவே எடுத்துவிடுவது, அது முடிந்து உடம்பு தாங்கியதும் குழாயை மாற்றுவது என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். அண்ணன் படியேறி வந்தார். கையில் என் ஐஸ் பெட்டி. பண்ணைக்குப் போய்க் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, தன் கையாலேயே புது ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வேட்டி முழுக்க ஈரம். பெட்டியை என் மடியில் வைத்தார்.

"இதை அவளுக்குப் போடச் சொல்லுங்க சாமி."

"முடியாதுண்ணே. வயித்துல குழந்தை இருக்கறவங்களுக்கு இதைப் போட்டுப் பார்த்ததே இல்ல. குழந்தைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குன்னு கொண்டாந்ததுங்க, தெரியும். இந்த ஒரு தடவை உட்டுக் குடுங்க. நான் உங்க கால்ல உழுவறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டார். தோளைப் பிடித்துத் தூக்கினேன். இந்த உயரமான மனிதர் என் முன்னால் மடங்கியதை என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அழுதுகொண்டே மிச்சத்தையும் சொல்லித் தொலைத்தேன். "அதுல இருக்கறது மருந்தா வெறும் தண்ணியான்னு எனக்கே தெரியாதுண்ணே."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன்: பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குத் தண்ணீர், யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள், அப்போதுதான் மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா என்று தெரியும்.

"தண்ணியா மருந்தான்னு தெரியாமயேவா கடல் தாண்டிக் கொண்டாந்தீங்க?"

"ஆமாண்ணே."

"நாங்க கோழிக்கு ஊசி போட்டாக்கூட என்ன போடறோம்னு தெரிஞ்சுதானுங்க போடுவோம்" என்றார். இத்தனை நாளில் எங்கள் வழக்கத்தைப் பார்த்து அவர் அதிர்ந்தது அப்போதுதான். நான் அவர் ஊர் வழக்கத்தைப் பார்த்து எப்படித் திகைத்து நின்றேனோ அப்படியே நின்றார். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். "அப்ப எதுக்குங்க போட்டுக்கறீங்க?" என்றார்.

"யாராவது போட்டுப் பார்த்தாத்தானே தெரியும். என் தம்பிக்கு யாரும் பார்த்து வெக்கல."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தன் இன்னொரு அக்காவுக்குப் போட்டார், பிறகு தங்கைக்கு, பிறகு செத்துப்போன அக்காவின் மகளுக்கு. ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியம்: "புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு சேலம் வந்துருங்க, நானும் வாரேன்." எதிர்முனையில் கோயில் விசேஷமா என்று கேட்டிருக்க வேண்டும். "கோயில் இல்லீங்க அக்கா. அதைவிட எச்சா" என்றார்.

அன்று மதியத்துக்கு மேல் பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு ஊசி போட வேண்டிய நாள் அது. மருத்துவமனைக் கழிப்பறையில் நின்றுகொண்டு வயிற்றில் குத்திக்கொண்டேன். எப்போதும்போலக் கொஞ்சம் எரிந்தது. தண்ணீரும் எரியும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோகிலாவுக்குக் குழாய் மாற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான் ஈப்போவுக்குத் திரும்பியிருந்தேன். கடையில் ஒரு கல்யாணச் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தினேஷ் போன் செய்து, "கண்ணு முழிச்சிட்டாங்க அத்தை" என்றான். பிரித்த சட்டையை மேசைமேல் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. சேலத்துக்குப் போன இரண்டாவது வேனில் அவளுடைய அத்தை மகள் ஒருத்திக்கும் விரிவு இருந்ததாகவும், மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் பிறகு சொன்னான்.

இரண்டு மாதம் கழித்துக் கோகிலாவே பேசினாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். குழந்தையின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அதற்கும் இந்தக் குறை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அத்தை, அந்த ஊசி வேலை செய்யுதான்னு எப்பங்க தெரியும்?"

"தெரியாது சாமி. வருஷக்கணக்கா ஆகும்னு சொல்றாங்க."

"பாப்பா பெருசாகறதுக்குள்ள தெரிஞ்சிருமுங்களா?"

"எனக்குத் தெரியல. நான் போட்டுக்கறது வெறும் தண்ணியாக்கூட இருக்கும், உங்கப்பா சொன்னாரில்ல."

"சொன்னாருங்க." பின்னால் குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "தண்ணியா இருந்தாலும் நீங்க நிறுத்திறாதீங்க அத்தை."